தண்ணீர் படுக்கும் இடம்

கிறிஸ்து பிறப்புக் கால ஆரவாரம் அடங்கி, குடிலைப் பிரித்து, அதன் வைக்கோலைக் கோயில்பிள்ளை தம் மாட்டுக்கு எடுத்துச் சென்ற அன்று மாலை, நம் பங்கின் இளையோர் பதினால்வர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். கையில் ஒரு தாள். பழனி மலைத் தொடரின் கீழ்மலையில், தாண்டிக்குடி செல்லும் வழியில், ஒரு காப்பித் தோட்டத்தின் ஊடே ஓடும் ஓடைக்கரையில் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கவேண்டும் என்பது அவர்தம் விருப்பம். தோட்டத்துக்காரர் நம் பங்கு மக்களுள் ஒருவருக்கு உறவினர். கூடாரங்களை மதுரையில் வாடகைக்குப் பேசி வைத்திருந்தனர். தாளில் பேருந்துக் கட்டணம் இருந்தது. முதல் இரவுக்குக் கோழிக்குழம்பு இருந்தது. கித்தார், பாட்டுப் புத்தகம், படம் எடுப்பதற்கு ஏற்ற நேரம்கூட இருந்தது. மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். குருக்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது நம் மக்களுக்கு நன்கு தெரியும். முகம் வாடிப் போயினர்.

மறுப்பதற்குக் காரணம் தேடினால் பஞ்சமா? மார்ச்சில் தேர்வு. அதற்கு முன் தவக்காலம் தொடங்கிவிடும். ஞாயிறு திருப்பலிக்கு அண்டைப் பங்குத்தந்தையை வேண்டிக்கொள்ள வேண்டும். அவரோ முழங்கால் வலிக்காரர். பெண்பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் அருள்சகோதரிகள் உடன் வரவேண்டும். இவையெல்லாம் மேலே மிதந்த காரணங்கள். அடியில் கிடந்தது வேறு.

1998 மே மாதம் இதே பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். குருப்பட்டம் பெற்று ஓராண்டு நிறைந்திருந்தது. பீடச்சிறுவர் இருபத்திருவரை அழைத்துக்கொண்டு அதே கீழ்மலைக்குச் சென்றோம். தோட்டம் வேறு, மலை ஒன்றுதான். கூடாரம் என்பது அன்று பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய தார்ப்பாயும் மூங்கிலும். ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், பாய் விரித்தாற்போல் ஒரு மணல் திட்டு. கல் இல்லை, முள் இல்லை, சரிவில்லை. இறைவன் நமக்கென்றே சமன்செய்து வைத்த இடம் என்று வாய்விட்டே சொன்னோம். சமன்செய்தது யார் என்று யோசிக்கவில்லை.

மாலையில் பளியர் இனத்துப் பெரியவர் ஒருவர் தேன் எடுத்துவிட்டு அவ்வழியே இறங்கி வந்தார். இடுப்பில் அரிவாள். நம் கூடாரங்களைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு, "சாமி, இது தண்ணி படுக்கிற எடம். இப்ப எந்திரிச்சுப் போயிருக்கு. திரும்பி வந்தா எடத்தக் கேக்கும்" என்றார். சிறுவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். வானத்தைக் காட்டினோம்; ஒரு மேகம் இல்லை. தேநீர் கொடுத்தோம். குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். இன்னொரு முறை அவர் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணி இருக்கும். நாம் படுத்திருந்த இடத்தில் ஒரு துளி விழவில்லை. விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. முதலில் வந்தது மண் வாசனை. பிறகு பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் ஓசை. விளக்கைத் தேடி எடுப்பதற்குள் முழங்கால் அளவு நீர். எங்கோ மேலே, நம் கண்ணுக்கு எட்டாத சரிவில், கோடை மழை கொட்டியிருக்கிறது. பாறையும் மெல்லிய மண்ணுமான செங்குத்துச் சரிவு மழையை உள்வாங்கி வைத்துக்கொள்வதில்லை. பெய்ததை அப்படியே கீழே தள்ளிவிடும். கரைமேல் ஏறி எண்ணிப் பார்த்தோம். இருபத்தொருவர்.

அந்த ஒருவனைக் கண்டுபிடித்தபோது அவன் ஐம்பது அறுபது அடி கீழே, நடு ஓடைப் பாறையில் முளைத்திருந்த மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு கிடந்தான். வயது பதினான்கு. நீர் வடிந்து அவனை அணுகுவதற்கு விடிந்துவிட்டது. காறை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. அம்மூன்று மணி நேரமும் நாம் கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தோம்: விடாதே, பிடித்துக்கொள், இதோ வருகிறோம் என்று.

ஊர் திரும்பியதும் பெற்றோரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: எதிர்பாராத வெள்ளம். ஒருவரும் நம்மைக் குறைகூறவில்லை. மாதா காப்பாற்றினார் என்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள், நாமே நிறைவேற்றினோம், மறையுரையும் ஆற்றினோம். அந்தப் பெரியவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மறைமாவட்டத்தில் பல ஊர்களைச் சுற்றிவிட்டு, கால் நூற்றாண்டு கடந்து மீண்டும் இதே பங்குக்குப் பங்குத்தந்தையாக வந்தபோதும், அந்த வெள்ளம் 'புதுமை' என்ற பெயரில்தான் நம் முன் வந்து நின்றது. முதியோர் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறார்கள்.

மணல்மீது வீடு கட்டியவரைப் பற்றி எத்தனை ஞாயிறு பிரசங்கித்திருக்கிறோம்! பாலஸ்தீனத்து ஓடைகள் பல கோடையில் வறண்ட மணற்படுகைகள், மழைக்காலத்தில் பெருவெள்ளம். அவ்வுவமையைச் சொன்னவருக்கு அவ்வோடைகள் தெரியும். விளக்கம் சொன்ன நமக்கு விவிலிய அகராதி தெரியும். கடவுள் இரண்டாம் நிலைக் காரணங்கள் வழியாகவும் செயலாற்றுகிறார் என்று குருமடத்தில் தூய தோமா அக்குவினாவின் வழிநின்று படித்தோம். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த இரண்டாம் நிலைக் காரணம் இடுப்பில் அரிவாளோடு வந்து நின்று பேசியபோது அடையாளம் தெரியவில்லை.

இளையோரை ஒரு வாரம் காத்திருக்க வைத்துவிட்டு, போகலாம் என்றோம். ஏன் என்று கேட்டால் தெளிவான விடையில்லை. நாம் மறுத்தாலும் அவர்கள் போவார்கள் என்பது ஒரு காரணம். நம் காலத்தைப்போல் அல்ல. கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்தால் அடுத்த சனிக்கிழமை நான்கு இருசக்கர வாகனங்களில் மலையேறிவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் அதே கீழ்மலைப் புல்லாவெளி அருவியில், படம் எடுப்பதற்காகப் பாறையில் இறங்கிய இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்து மாண்டதை நம் பிள்ளைகள் எல்லாருமே காணொளியில் பார்த்திருந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதையும் அறிந்திருந்தார்கள். அறிந்தவர்கள் எழுதிய தாளில்தான் மழை இல்லை. அறிதல் வேறு, தாளில் எழுதுதல் வேறுபோலும்.

பெற்றோர் கூட்டத்தைப் பள்ளி மண்டபத்தில் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் வைத்தோம். இளையோர் இயக்கச் செயலர் இசைவுக் கடிதத்தின் வரைவைப் படித்தார். நல்ல தமிழில் எழுதியிருந்தார். மூன்றாம் பத்தியில், "எதிர்பாராத இயற்கை இடர்களால் நேரும் எதற்கும் பங்கு நிர்வாகம் பொறுப்பன்று" என்று வந்தது. அவ்விடத்தில் அவரை நிறுத்தச் சொன்னோம். அந்தச் சொல்லை நாம் முன்பே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறோம் என்று தொடங்கி, மேலே எழுதியதை எல்லாம் சொன்னோம். தேநீர் கொடுத்ததையும், சிரித்ததையும்.

மண்டபம் அமைதியாக இருந்தது. மரியாயின் சேனை மூத்த அம்மா ஒருவர் மட்டும், "மாதா செஞ்ச புதுமைன்னுல்ல நெனச்சிருந்தோம்" என்றார், யாரிடமும் அல்லாமல். அதற்கு நம்மிடம் விடை இல்லை. மாதா காப்பாற்றவில்லை என்று சொல்ல நாம் யார்? ஆனால் மாதா காப்பாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோனது யார் என்பது நமக்குத் தெரியும்.

அன்றைய பதினான்கு வயதுச் சிறுவன் இன்று வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். பங்குப் பேரவை உறுப்பினர். இப்போது போக விரும்பும் பதினால்வருள் ஒருவன் அவர் மகன். கடைசி வரிசையில் மனைவியோடு அமர்ந்திருந்தார். எழுந்து, "எனக்குத் தெரியும் சாமி. நானுந்தான அங்க நின்னேன். நானும் சிரிச்சேன்" என்றார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கொண்டு, இருபது ஆண்டு மணவாழ்வில் இச்செய்தி அவருக்குச் சொல்லப்படவில்லை என்று விளங்கிற்று.

பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடவ எங்க படுப்பீங்க?"

போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றோம். சென்ற செவ்வாயன்று அவர், ஓர் அருள்சகோதரி, இளையோர் இருவர், நாம் என ஐவர் வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். காப்பிப் பழம் பறிக்கும் காலம். தோட்டத்து மேலாளர் நம்மை ஓடைக்கு அழைத்துச் சென்றார். அழகான இடம்; அதில் ஐயமில்லை. உருண்ட பாறைகள், இடையிடையே தெளிந்த நீர், வளைவில் அதே போன்றதொரு மணல் திட்டு. இளையோர் இருவரும் திட்டுக்கு ஓடிவிட்டனர். வயரிங்காரர் ஓடையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து புதர்களைப் பார்த்தபடி நடந்தார். சற்றுப்பொறுத்து நம் கையைப் பிடித்து நிறுத்தி, தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் கிளையில் சிக்கிக் கிடந்த செத்தையையும் கிழிந்த சாக்கையும் காட்டினார். "அதுவரைக்கும் வந்திருக்கு சாமி." வடகிழக்குப் பருவமழையின்போது வந்தது என்று மேலாளர் உறுதிப்படுத்தினார். மணல் திட்டில் நின்றுகொண்டிருந்த இளைஞர் இருவரும் அந்தச் சாக்கைப் பார்த்தார்கள். தங்கள் காலைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் மேலே வந்துவிட்டார்கள். நாம் ஆற்றியிருக்கக்கூடிய எந்தச் சொற்பொழிவைக் காட்டிலும் அந்தச் சாக்கு நன்றாகப் பேசிற்று.

அவ்விடத்திலிருந்து மேல்நோக்கி நடந்தோம். காப்பி உலர்த்தும் களம் வசதியாயிருந்தது. ஆனால் அறுவடை முடியும்வரை அதைத் தர இயலாது என்றார் மேலாளர். அதற்கும் மேலே, பயன்படாமல் கிடக்கும் பழைய நாற்றங்கால் மேடை ஒன்று. ஓடையிலிருந்து நூற்றிருபது எட்டு. உயரத்தில் முப்பது அடிக்குக் குறையாது. சுற்றிலும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். அவற்றுள் ஒன்றில் பட்டுப்போன கிளை தொங்கிற்று. அதன்கீழ் கூடாரம் கூடாது என்று சுண்ணாம்பால் கோடிட்டோம். குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தை நோக்கி வழிந்து இறங்கும் என்பதால், ஓடைக்கரையை விட இங்குப் பனியும் குறைவு. காட்டு மாடுகள் மாலையில் நீர் குடிக்க இறங்கும் தடம் எது என்பதையும் மேலாளர் காட்டினார். அத்தடத்தில் நாம் நிற்கலாகாது. நீர் மொள்ளும் வேலையை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். யானை இப்பருவத்தில் இப்பக்கம் வரவில்லை என்றார். வந்தால் என்ன செய்வது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

உடன் வந்த இளம்பெண்ணுக்கு மட்டும் மனக்குறை. "ஓடைக்கரைன்னு சொல்லிட்டு ஓடையே தெரியலையே சாமி" என்றாள். சத்தம் கேட்கிறதே என்றோம். சத்தத்தைப் படமெடுக்க முடியாது என்றாள். நியாயந்தான்.

அந்தப் பளியர் பெரியவரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று புறப்படும்போதே நினைத்திருந்தோம். தோட்டத்துக் காவலாளி அவ்வினத்தவர். அவரிடம் பேச்சைத் தொடங்கினோம். "பேரு என்ன சாமி?" என்றார். அன்று கேட்கவில்லை. ஊர் எது என்றார். அதையும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தது நினைவிருக்கிறது. சர்க்கரை போட்டோமா என்பதுகூட நினைவிருக்கிறது. காவலாளி சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலிப்பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சமையல் எரிவாயு அடுப்பில், மேடையின் கற்பரப்பில் மட்டும். பாட்டுக்கு நடுவே தீ மூட்டி உட்கார வேண்டும் என்ற ஆசையை இளையோர் விட்டுவிட மறுத்தனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் 23 பேர் இறந்ததைச் சொன்னோம். அதன் பின்னரே அதே ஆண்டில் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. மழை ஓய்ந்து புல் காயும் காலம் இது. அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பாடலாம் என்று முடிவாயிற்று. தோட்டத்து எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள் ஓரடியும் வைப்பதில்லை. அது வனத்துறையின் நிலம்.

நாலாயிரம் அடி உயரத்தில் நீர் கொதிக்கும் சூடு சமவெளியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு பாகை குறைவு. பருப்பு வேக நேரமாகும். அருள்சகோதரி பருப்பை முன்னிரவே ஊறவைப்பதாகச் சொல்லிவிட்டார். ஓடை நீர் எவ்வளவு தெளிவாயிருப்பினும் கொதிக்க வைத்தே குடிப்பது. கழிப்பிடம் ஓடையிலிருந்து இருநூறு அடிக்கு அப்பால், குழி தோண்டி மண்ணிட்டு மூடுவது. சோப்பை ஓடைக்குள் கொண்டுபோவதில்லை. குடத்தில் மொண்டு தள்ளிவந்து குளிப்பது. தாண்டிக்குடிப் பக்கத்து ஓடைகள் பல மருதாநதி அணைக்கு வந்து சேர்பவை. நாம் குளித்த நீர் கீழே யாரோ ஒருவர் வயலுக்குப் போகிறது. மேட்டில் மழை என்று வானிலை மையம் எச்சரித்தால் பயணம் இல்லை. கட்டிய முன்பணம் போனால் போகட்டும். ஓடை நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, வானம் வெளுத்திருந்தாலும் ஒருவரும் ஓடைக்குள் நிற்பதில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் வயரிங்காரர் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தார். வத்தலக்குண்டை நெருங்கும்வரை பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு நீங்க கத்துனது எனக்குக் கேக்கல சாமி. தண்ணிச் சத்தம். விளக்கு வெளிச்சத்துல உங்க வாயசையிறது மட்டும் தெரிஞ்சது. ஏதோ செபம் சொல்றீங்கன்னு நெனச்சேன். செத்துருவேன் போலருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு அழைத்துச் சென்றார். விசில் வாங்கினோம். விசிலின் கீச்சொலி நீரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கும் என்று அவரே கடைக்காரருக்கு விளக்கினார். இளையோர் பதினால்வர், அருள்சகோதரிகள் இருவர், நாம் எனக் கணக்குப்போட்டுப் பதினேழு கேட்டோம். அவர் பதினெட்டாக்கி, தாமே பணம் கொடுத்தார்.

இசைவுக் கடிதத்தில் அந்த மூன்றாம் பத்தியை அடித்துவிட்டோம். பொறுப்பு யாருடையது என்று நம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, புதிய படிகள் எடுத்துக் கொடுத்தாயிற்று. பதின்மூன்று திரும்பி வந்துவிட்டன. வராதது வயரிங்காரர் வீட்டுக் கடிதம். அதில் தந்தையின் கையொப்பம் இருப்பதாக மகன் சொல்கிறான். தாய் இன்னும் போடவில்லையாம். திருப்பலி முடிந்து போகும்போது அந்த அம்மா நமக்குத் தோத்திரம் சொல்கிறார், வேறெதுவும் சொல்வதில்லை. நாமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரமிருக்கிறது.